என் தங்கை கனவில் ஷென் சார்

எங்கள் ஊரில் மலை ஏறத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் மலை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நடந்தவர்கள் அதுவரை கிடையாது. எல்லோரும் பின்னால் நடந்தவர்கள்தான். எங்கள் முதுகில், மலை பார்க்க வந்தவர்களுடைய அரிசி, கூடாரம், கேஸ் சிலிண்டர் இருக்கும். முதன்முதலில் முன்னால் நடந்தது என் தங்கை உமாவ்.

தைவானின் நடு மலைத்தொடரில், சாலை முடிகிற இடத்தில் எங்கள் ஊர். நாங்கள் புனுன் என்கிற மலைப் பழங்குடி மக்கள். என் பெயர் ஹைசுல். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சுமை தூக்கப் போனேன், பிறகு சுமையோடு சமையலும் சேர்ந்தது. முட்டையைத் தினையுமிக்குள் புதைத்து, ஒன்றுகூட உடையாமல் மேல் குடில்வரை கொண்டுபோவேன். இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான், ஆனாலும் உண்மை.

உமாவ் என்னைவிட மிகவும் சிறியவள். பள்ளி முடிந்ததும் தைபே நகரத்துக்குப் போய் ஒரு கடையில் கல்லாவில் நின்றாள். சில வருடம் கழித்து ஒரு மாலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், காய்கறி லாரியில் வந்து இறங்கினாள்.

"ஏன் புள்ள, வேலை போச்சா?" என்றேன்.

"வேலை இருக்குண்ணே. ஜன்னல்தான் சரியில்ல. எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்த்தாப்புல இன்னொருத்தன் ஜன்னல்."

மறுவாரமே என்னோடு சுமை தூக்க வந்தாள். சுமையைத் தாங்கும் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு முதுகு மரச்சட்டத்தில் அரிசி மூட்டையோடு அவள் ஏறுவதைப் பார்த்து, எங்கள் அம்மாவின் தம்பி விலியான் மாமா, "இவ பொண்ணா கோவேறு கழுதையா?" என்றார். "உங்க அக்கா மகதானே மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். மாமா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் மலை வழிகாட்டிப் பரீட்சைக்குப் படித்தாள். பன்றிக்கொட்டிலில் தீனி போட்டுக்கொண்டே முதலுதவிப் பாடத்தைச் சத்தமாக ஒப்பிப்பாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் முறை எங்கள் வீட்டுப் பன்றிகளுக்கும் தெரியும் என்று ஊரில் கேலி செய்தார்கள். முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். எங்கள் ஊரில் அந்தப் பரீட்சை தேறியவர் அவளுக்கு முன்னால் யாருமில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியது நான்தான். கோணாமல் இருக்க ரசமட்டம் வைத்துப் பார்த்தே ஆணி அடித்தேன்.

ஆனால் காகிதம் இருந்தால் மட்டும் போதாது. பயணிகளை அனுப்பும் நகரத்து நிறுவனம், நிலாக் கண்ணாடி ஏரிக்கு ஒரே ஒரு பயணத்தை அவளிடம் கொடுத்தது. கூடவே அவர்களுடைய பழைய வழிகாட்டி ஷென் சாரையும் அனுப்பியது. அவர் பார்த்து நல்ல வார்த்தை சொன்னால், இனி அந்த ஏரிப் பயணமெல்லாம் உமாவ் தலைமையில் போகும். சொல்லாவிட்டால் பழையபடி நகரத்து ஆள் முன்னால், நாங்கள் பின்னால்.

புறப்படும் நாள் விடியலில் தேவாலயத்துக்கு முன்னால் லாரி நின்றது. பயணிகள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஃபாங் அம்மா என்கிற பல் டாக்டரும், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவரும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார்கள். ஷென் சார் பளபளக்கும் தோல் பூட்ஸ் போட்டிருந்தார். அலுவலக நாற்காலிக்கு மாறிய பிறகு பல வருடமாகப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தாராம். உமாவின் காலில் எங்கள் ஊர் வழக்கப்படி ரப்பர் பூட்ஸ். வயலுக்கும் அதுதான், மலைக்கும் அதுதான்.

"இதைப் போட்டுக்கிட்டா வழிகாட்டப் போற?" என்றார் ஷென் சார்.

"புதுசு சார். அண்ணன் வாங்கித் தந்தது."

போதகர் ஜெபம் செய்தார். மாமா தினைக்கள்ளில் விரலை நனைத்து முன்னோர்களுக்குத் தெளித்தார். பிறகு சுமைக்காரர்கள் நாங்கள் வட்டமாக நின்றோம். அடுத்தது கனவு. கனவு கேட்காமல் எங்கள் ஆட்கள் மலைக்குள் கால் வைப்பதில்லை. "சாமி ஞாயித்துக்கிழமைக்கு, கனவு தினத்துக்கும்" என்பார் மாமா. மற்றவர்கள் கனவு முன்னே பின்னே இருக்கலாம், முன்னால் நடப்பவரின் கனவு கட்டாயம் வேண்டும்.

"சொல்லு புள்ள, என்ன கண்ட?" என்றார் மாமா.

உமாவ் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். "ஒண்ணும் காணல மாமா."

"மறந்துட்டியா?"

"தூங்கவே இல்ல மாமா."

அது உண்மை. எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். இரவெல்லாம் அவள் புரளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நடுவில் எழுந்து, நான் கட்டிய மூட்டைகளை வேறு சரிபார்த்தாள். நான் போட்ட கட்டு மேல் அவளுக்குச் சந்தேகமா என்று கேட்க நினைத்தேன். முதல் பயணம் என்பதால் விட்டுவிட்டேன்.

மாமா சுமையைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"கெட்ட கனவுன்னா ஒரு நாள் தள்ளிப் போகலாம். கனவே இல்லாத தலைவிய நான் பாத்ததில்ல. எங்க போறதுன்னு மலைக்கு எப்படித் தெரியும்?"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்" என்று அவள் காதில் சொன்னேன்.

"பொய்க் கனவு சொல்லி மேல போகச் சொல்றியாண்ணே?" என்றாள். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

ஷென் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "என்ன பிரச்சனை?"

உமாவ் நேராக நிமிர்ந்து சொன்னாள். "சார், நான் கொஞ்சம் தூங்கணும்."

"இப்பவா?"

"முதல் குடில் பக்கம்தான். மதியம் கிளம்பினாலும் வெளிச்சத்துலயே போயிடலாம். நான் தூங்கி ஒரு கனவு கண்டாத்தான் இவங்க சுமையத் தூக்குவாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது."

ஷென் சார் வாயைத் திறப்பதற்குள் ஃபாங் அம்மா முந்திக்கொண்டார். "ராத்திரி தூங்காத ஓட்டுநரோட வண்டியில நான் ஏறமாட்டேன். நல்லாத் தூங்கட்டும்."

"அப்படிச் சொல்லுங்கம்மா" என்றார் பஸ் ஓட்டுநர். "நான் முப்பது வருஷம் ஓட்டினவன்."

ஷென் சார் தனியாக நின்றுபோனார். பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு எதுவும் எழுதாமல் உள்ளே வைத்தார். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

உமாவ் லாரிக்குள் அரிசி மூட்டைகளின் மேல் படுத்தாள். முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு ஊரே ஒரு பெண் கனவு காண்பதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். பயணிகள் விரல் நுனியில் நடந்தார்கள். நான் துவரையும் பன்றி எலும்பும் போட்ட சூப்பைச் சத்தமில்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் "முட்டைக்கோஸ், வெள்ளை முள்ளங்கி" என்று கத்திக்கொண்டு காய்கறி லாரி வளைவில் திரும்பியது. பஸ் ஓட்டுநர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுச்சாலையில் ஓடி அதை நிறுத்தினார். காரணம் கேட்ட காய்கறிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தானும் ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேரம் போக, பயணிகள் கனவையும் கேட்டு வைக்கலாம் என்று மாமாவுக்குத் தோன்றியது. ஃபாங் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"நேத்து ராத்திரியா? மூணு பல் பிடுங்கினேன்" என்றார் அவர்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எங்களில் கனவில் பல் விழுந்தால் வீட்டிலேயே இருந்துகொள்வோம். அதுவும் மூன்று பல்.

"மாமா, அந்தம்மாவோட தொழிலே அதுதான்" என்றேன். "உங்க கனவுல நீங்க பன்றி வெட்டினா கெட்டதா?"

மாமா யோசித்தார். "பிடுங்கினது அவங்க பல்லா, அடுத்தவன் பல்லா?"

"அடுத்தவன் பல்தான்" என்றார் ஃபாங் அம்மா. "காசுகூடக் கொடுத்தான்."

"அப்போ வரவுதான்" என்று மாமா நிம்மதியானார்.

அப்போதுதான் லாரிக்குள் தொப்பி அசைந்தது. உமாவ் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, நேராக எங்கள் வட்டத்துக்கு வந்தாள். எங்கள் பாஷையில், ஷென் சாருக்குப் புரியாதபடி சொன்னாள்.

"கனவுல நான் ஷென் சாரை முதுகுல சுமந்துக்கிட்டு வர்றேன்."

எல்லோரும் ஷென் சாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் சாலையோரத்தில் நின்று சாக்லேட் தின்றுகொண்டிருந்தார்.

"கனவுல சுமையோட திரும்பினா வேட்டைக்கு நல்லது" என்றார் மாமா மெதுவாக. "ஆனா சுமை அவராச்சே. உயிரோட இருந்தாரா?"

"இருந்தார். முதுகுல குலுங்கிக்கிட்டே இருந்தார்."

"அழுதாரா சிரிச்சாரா?"

"முதுகுல இருக்கிறவர் முகம் எனக்கு எப்படி மாமா தெரியும்?"

மாமா நீண்ட நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு நெற்றிப்பட்டையை மாட்டினார். "போகலாம். கனவுல நீ நடந்துக்கிட்டுதானே இருந்த? அது போதும். ஆனா அந்த மனுஷன் காலைப் பத்திரமாப் பாத்துக்கணும்."

கனவில் வந்தவரிடம் அந்தக் கனவைச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் யாரும் ஷென் சாரிடம் மூச்சு விடவில்லை. அதில்தான் வினை வந்தது.

அன்று பாதையில் எங்கள் ஆட்கள் எல்லோருடைய கண்ணும் ஷென் சாரின் காலில்தான். "சார், கல்லு." "சார், வேர்." "சார், அந்தப் பக்கம் வழுக்கும்." மாமா அவருக்குப் பின்னால் ஒரு கையை நீட்டியபடியே நடந்தார், விழுந்தால் பிடிக்க. ஷென் சார் முதலில் சிரித்தார். அடுத்த நாள் சிரிக்கவில்லை. மேல் குடிலில் நான் பன்றி இறைச்சியை வாட்டியபோது மாமா என்னிடம் வந்து, "அவருக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடு" என்றார்.

"ஏன்?"

"நாளைக்கு நம்ம புள்ளதானே தூக்கணும்."

ஆனால் பங்கு என்று வந்துவிட்டால் எங்களில் எல்லோருக்கும் ஒரே அளவு. கைக்குழந்தைக்கும் உண்டு. அந்த முறையை நான் மீற முடியாது. கத்தியை வைத்துச் சம அளவாகப் பிரித்துத்தான் கொடுத்தேன். மாமா விடவில்லை. ஷென் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், ராத்திரியில கொழுப்பு செரிக்காது. பாதியை அந்த ஓட்டுநருக்குக் கொடுத்துருங்க" என்றார்.

ஷென் சார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். உமாவைக் குடிலுக்கு வெளியே கூப்பிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு எல்லாம் கேட்டது.

"உமாவ், நான் இந்த மலையில நீ பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தவன். உங்க ஆளுங்க என்னை நடக்கப் பழகுற குழந்தை மாதிரி நடத்துறாங்க. எட்டுப் பேர் காசு கொடுத்து வந்திருக்காங்க, அவங்களை யார் பாக்குறது? தலைவின்னா உன் ஆளுங்க உன் பேச்சைக் கேக்கணும். நாளைக்கும் இப்படியே இருந்தா, முதலாளிகிட்ட நான் நல்லதாச் சொல்ல முடியாது."

"சரி சார்" என்றாள் உமாவ். கனவைச் சொல்லி ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை.

உள்ளே வந்து எங்கள் எல்லோரையும் அடுப்பைச் சுற்றி உட்கார வைத்தாள். எனக்கும் மாமாவுக்கும் சேர்த்தே திட்டு கிடைத்தது.

"மாமா, இது என் கனவு. அது நடந்தா சுமக்கப் போறது நான். உங்களை யாரும் பிடிக்கச் சொல்லல. ஃபாங் அம்மா இன்னைக்கு ரெண்டு தடவை தண்ணி கேட்டாங்க, ஒருத்தருக்கும் காதுல விழல. நாளைக்கு யாராவது ஷென் சார் காலைப் பாத்தீங்கன்னா, உங்க சுமைய நானே தூக்கிக்கிட்டு உங்களைக் கீழ அனுப்பிருவேன்."

"நானுமா?" என்றேன்.

"அண்ணனும்தான்."

ஊரில் அவளைச் சின்னப் பெண் என்று தோளில் தூக்கி வளர்த்தவன் நான். அன்று அவள் திட்டியபோது எனக்கு ஒரு ஓரத்தில் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமா எழுந்து தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு நேராக ஃபாங் அம்மாவிடம் போனார்.

பிறகு மாமா தொண்டையைச் செருமி அடிக்குரல் ஒன்றைப் பிடித்தார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே மேலே குரல் கோத்தோம். அந்தப் பாட்டுக்கு வார்த்தை கிடையாது, நீண்ட ஓசை மட்டும்தான். பஸ் ஓட்டுநரும் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். அவரிடம் நல்ல கனமான குரல் இருந்தது. "இவரைச் சுமைக்கு எடுத்துக்கலாம்" என்றார் மாமா.

மறுநாள் ஏரிக்குப் போனோம். எங்கள் ஆட்கள் ஷென் சாரைப் பார்க்காமலிருக்க வானத்தைப் பார்த்து நடந்தார்கள். அதில் மாமாதான் இரண்டு தடவை தடுக்கினார். ஏரி அன்று காற்றில்லாமல் அப்படியே கிடந்தது. சுற்றிலும் கடமான்களின் குளம்புத் தடம். ஃபாங் அம்மா மட்டும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துவிட்டு, "பல்லுவரைக்கும் கூசுது" என்றார். உமாவ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஏரியில் நிலா எங்கே விழும், பனிக்காலத்தில் எதுவரை உறையும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஷென் சார் சற்றுத் தள்ளி நின்று கேட்டார். அன்றும் பேனாவை எடுத்தார், அன்றும் எழுதவில்லை.

இரவு முழுக்க மழை பெய்தது. காலையில் இறங்கத் தொடங்கினோம். முதல் குடிலைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், ஷென் சாரின் வலது பூட்ஸின் அடித்தோல் ஒரு நாக்கைப்போலத் தொங்கியது. பெட்டிக்குள்ளேயே பல வருடம் இருந்த பசை, நனைந்ததும் விட்டுவிட்டது. நான் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டினேன். என் கட்டு நின்றது. ஆனால் ஓடைக்கரைக்கு வந்தபோது இடது காலின் அடித்தோல் முழுதாகக் கழன்று தண்ணீரில் போய்விட்டது.

ஏறும்போது கல் கல்லாகத் தாண்டிய ஓடை. இப்போது கற்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். உமாவ் குறுக்கே கயிறு கட்டி, பயணிகளை ஒவ்வொருவராக அக்கரைக்கு அனுப்பினாள். கடைசியில் ஷென் சார் மட்டும் நின்றார், அடியில்லாத பூட்ஸோடு.

"நான் வெறுங்காலோட வந்துருவேன்" என்றார்.

"அடியில தகடு மாதிரி கல்லு சார். பாதம் கிழிஞ்சிரும்" என்றாள் உமாவ்.

"அப்போ விலியான் தூக்கட்டும். அவர்தானே பெரிய ஆள்."

மாமா இரண்டடி பின்னால் போனார். "நான் தூக்க முடியாது சார்."

"ஏன், முதுகு வலியா?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தூக்கக் கூடாது. அவதான் தூக்கணும்."

"அவ எப்படித் தூக்குவா? என் எடை தெரியுமா?"

"தெரியும் சார். மூணு நாளா அதைத்தானே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் மாமா.

உமாவ் என் மரச்சட்டத்திலிருந்து பானைகளை இறக்கிவைத்து, அதைக் கரையில் நிறுத்தினாள். "உட்காருங்க சார். சிலிண்டர், அரிசி, எங்க அண்ணனோட பானை எல்லாம் தூக்கிட்டேன். நீங்க அதைவிடச் சத்தம் கம்மி."

வேறு வழியில்லை. அவர் சட்டத்தில் உட்கார்ந்தார். அவள் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து எழுந்தாள். தண்ணீரில் இறங்கினாள். ரப்பர் பூட்ஸ் விளிம்புவரை தண்ணீர். கயிற்றை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மாமாவும் பிடித்துக்கொண்டோம். அக்கரையில் ஒருவரும் இமைக்கவில்லை.

நடு ஓடையில் மாமாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "கனவு பலிச்சிருச்சு!" என்று கத்திவிட்டார்.

"என்ன கனவு?" என்றார் ஷென் சார் முதுகிலிருந்து.

இனி மறைத்து என்ன பயன். உமாவ் தண்ணீரில் அடுத்த காலை ஊன்றிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு லாரியில நான் கண்ட கனவு சார். உங்களை முதுகுல சுமந்துக்கிட்டு வந்தேன். அதான் இவங்க எல்லாரும் உங்க காலையே பாத்தாங்க."

"அதுக்குத்தான் இறைச்சியையும் குறைக்கச் சொன்னாரா?"

"ஆமா சார்" என்று கரையிலிருந்து மாமா. "ரெண்டு துண்டு கம்மியாச் சாப்பிட்டிருந்தீங்கன்னா இப்ப அவளுக்குச் சுலபமா இருந்திருக்கும்!"

ஷென் சாரின் தோள் குலுங்கியது. பிறகு உடம்பே குலுங்கியது. கண்ணில் நீர் வர, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க சார், ஆடுது!" என்று உமாவ் கத்தினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மாமா என்னைப் பார்த்தார். "சிரிப்புதான்! அழுகை இல்ல, சிரிப்புதான்!" என்று கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டப் போனார். நான் போட்ட அதட்டலில் மறுபடி பிடித்தார்.

அக்கரையில் இறங்கியதும் என்னிடமிருந்த மாற்று ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். அவர் காலுக்குப் பெரியது, நுனியில் துணி அடைத்துக் கொடுத்தேன். அதோடுதான் ஊர்வரை நடந்தார். லாரிக்குப் பக்கத்தில் நின்று முதலாளிக்குப் போன் போட்டார். நாங்கள் சுமை இறக்குகிற சாக்கில் எல்லோரும் அங்கேயே நின்றோம்.

"ஆமா, நல்லபடியாப் போச்சு… இல்ல, லேட்டாத்தான் கிளம்பினோம்… தலைவி தூங்கிக்கிட்டு இருந்தா… இல்ல, அது தப்பு இல்ல. ஏரிப் பயணம் இனி எல்லாத்தையும் அந்தப் பொண்ணுக்கே கொடுங்க. நான் கூட வர வேண்டியதில்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு மாற்றம். புறப்படுறதுக்கு முந்தின நாள் அவளுக்கு வேற வேலை வைக்காதீங்க. தூங்க விடுங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "இந்த பூட்ஸ் எங்க கிடைக்கும்?"

"விதை, உரம் விக்கிற கடையில சார்" என்றேன். அந்தக் கடைக்கு நானே கூட்டிப்போய், அவர் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது பயணத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் பொழுது சாயும்போதே விளக்கை அணைத்துவிடுவோம். சேவலை மாமா வீட்டில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. உமாவ் நன்றாகவே தூங்குகிறாள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குறட்டை கேட்கிறது, அதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இரண்டாவது பயணத்தின் விடியலில் நாங்கள் வட்டமாக நின்றோம். பத்துப் பயணிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு புள்ள" என்றார் மாமா.

உமாவ் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "யாரோ ஒருத்தர் துவரை சூப் பானையோட பாறையிலேருந்து உருளுறார்."

"யாரு?"

"முகம் தெரியல மாமா. பானைதான் தெரிஞ்சுது. நம்ம பானை."

அவள் உண்மையாகவே கண்டாளா, என்னைச் சீண்டச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமா சுமையைத் தூக்கிக்கொண்டு, என் காலையே பார்த்தபடி பின்னால் வந்து நின்றார். நான் பானையை இறக்கி, இன்னொரு கயிறு போட்டுக் கட்டினேன். முன்னால் என் தங்கை நடக்கத் தொடங்கினாள்.